ராசா திருப்பிக் கேட்ட முகம்

சர்ரு… சர்ரு… சர்ரு…

அது என்ன சத்தம், சொல்லுங்க பார்ப்போம். பாம்பா? இல்லை. துடைப்பமா? அதுவும் இல்லை. நான் உங்க அளவு இருந்தபோது கூத்துத் திரைக்குப் பின்னாலிருந்து கேட்ட சத்தம் அது. கல்லில் எண்ணெய் விட்டு அரிதாரம் அரைக்கிற சத்தம். அரிதாரம் என்றால் கூத்தாடிகள் முகத்தில் பூசுகிற மஞ்சள் கட்டி. பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை, மத்தளம் இன்னும் ஆரம்பிக்கவில்லை, அந்தச் சத்தம் மட்டும் வரும். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் உண்டாகிக்கொண்டிருக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடும். இப்போது நினைத்தாலும் முதுகு சிலிர்க்கிறது. கதையில் அது திரும்ப வரும், காதை வைத்துக்கொண்டிருங்க.

ஒரே ஒரு ஊர். அந்த ஊரில் கோணேரி என்று ஒரு கூத்தாடி இருந்தான். அவனுடைய கூத்துக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் கூத்து வாத்தியார் ஒவ்வொருத்தனையும் வெயிலில் நிறுத்தி, தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்புவார், அந்தப் பக்கம் திருப்புவார், சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். பார்த்துவிட்டு, "இந்த வருஷம் உன் முகம் எந்த வேஷத்துக்கு வந்திருக்கு?" என்று கேட்டு, அவரே பதிலும் சொல்லிவிடுவார். அவர் சொன்ன வேஷம்தான் அந்த வருஷம் முழுக்க.

கோணேரிக்கு மீசை முளைக்காத வயசு. வாத்தியார் பார்த்தார். "ராசகுமாரி" என்றார்.

கடலுக்கு அடியில் ஒரு சிப்பிக்குள் பிறந்த ராசகுமாரி வேஷம் அது. அவள் வெளிச்சத்தையே பார்த்ததில்லை, மனுஷ முகத்தையே பார்த்ததில்லை. ஒருநாள் சிப்பி திறக்கும், அவள் கண்ணைத் திறப்பாள், எதிரே ஒரு செம்படவன் நிற்பான். அந்தக் கூத்தை ஒரு திருவிழாவில் ஆடும்போது அந்த நாட்டு ராசா வந்திருந்தார், மடியில் அவருடைய பிள்ளை. பொடிப் பயல். சிப்பி திறந்து கோணேரி கண்ணைத் திறந்ததும் அந்தப் பிள்ளை மடியிலிருந்து குதித்து நின்றான்.

"இந்த முகம் என்னுது! நான் பெரியவனாகி வந்து வாங்கிக்குவேன். அதுவரைக்கும் பத்திரமா வச்சிரு!"

சபையே சிரித்தது. வேஷத்தில் இருக்கிறவனிடம் சபையிலிருந்து யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிடுவது கூத்தாடிப் பழக்கம். கோணேரி குனிந்து, "ஆகட்டும் ராசா" என்றான். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லிவிட்டான்.

அப்புறம் அந்தப் பிள்ளை வளர்ந்து, அப்பா செத்து, ராசாவாகி, கிழக்கே சண்டைக்குப் போனார், மேற்கே சண்டைக்குப் போனார், வடக்கே சண்டைக்குப் போனார். வருஷம் போச்சு, வருஷம் போச்சு, வருஷம் போச்சு.

இங்கே கோணேரியின் முகமும் சும்மா இருக்கவில்லை. மீசை வந்தது, வாத்தியார் "ராசகுமாரன்" என்றார். கன்னம் உப்பிக் கழுத்து தடித்தது, "ராசா" என்றார். மூக்கு கத்தரிக்காய் மாதிரி வீங்கியது, புருவம் புதர் மாதிரி மண்டியது, "சந்தேகமே இல்லை, அரக்கன்" என்றார். அரக்கனாகக் கொஞ்ச காலம் உறுமிக்கொண்டிருந்தான், ஒவ்வொரு பல்லாக விழுந்தது, உறுமினால் காற்றுதான் வந்தது. வாத்தியார் கன்னத்தைத் தட்டிக்கொடுத்து, "இனிமே நீ அரக்கனோட அம்மா" என்று சொல்லிவிட்டார்.

சிரிக்காதீங்க. அவன் பெண்டாட்டி கிளியம்மாவும் அப்படித்தான் சிரித்தாள். "பொண்ணு பார்க்க வந்தப்போ நீ ராசகுமாரி. தாலி கட்டினப்போ ராசகுமாரன். அரக்கனுக்கு நாலு பிள்ளை பெத்துக் கொடுத்தேன். இப்பப் பாரு, வீட்டுக்குள்ளயே ஒரு மாமியார்!"

"நாலு வேஷத்துக்கும் ஒரே சம்சாரமா இருந்தியே, அதைச் சொல்லு" என்பான் கோணேரி.

ஆனால் தனியாக இருக்கும்போது அவன் இடுப்பிலிருந்து உள்ளங்கை அளவு கண்ணாடியை எடுத்து, அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருப்பான். ராசகுமாரி போனாளே, எந்த வழியாகப் போனாள்? ராத்திரி போனாளா, பகலில் போனாளா? தினமும் இந்தக் கண்ணாடியைப் பார்த்தேனே, ஒருநாள்கூட நான் பார்க்கவில்லையே! பயம் இல்லை அது, வருத்தமும் இல்லை. ஒரு மரம் தன் பாட்டுக்கு உயர்ந்து நிற்பதை நிமிர்ந்து பார்க்கும்போது வாய் பிளந்து நிற்போமே, அந்த மாதிரி.

ராசா சண்டையெல்லாம் முடிந்து திரும்பி வந்தார். அவருடைய அரண்மனையில் ஒரு விசேஷம்: கண்ணாடியே கிடையாது. ஏன் என்றால், ராசாவுக்கு முதல் நரை வந்த அன்று அவர் கண்ணாடியைப் பார்த்துப் பதறிப்போனார். மந்திரி திருமேனிநாதர் ஓடிவந்து, "மகாராசா, உங்களுக்கு என்ன வயசு? கண்ணாடிக்குத்தான் வயசாகிவிட்டது" என்று சொல்லி, அரண்மனைக் கண்ணாடி எல்லாவற்றையும் குளத்தில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து மந்திரிதான் கண்ணாடி. காலையில் ராசா "எப்படி இருக்கிறேன்?" என்பார். "சின்ன ராசாவாக அப்பா மடியில் உட்கார்ந்திருந்தீர்களே, அப்படியே" என்பார் மந்திரி. ராசாவும் நம்பிவிட்டார். நம்பினால் சுகமாக இருந்தது.

அப்படிப்பட்ட ராசா கோணேரியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எங்கே என் முகம்?"

கோணேரி தன் முகத்தைத் தொட்டுக் காட்டினான். "இதுதாங்க மகாராசா."

ராசா குனிந்து பார்த்தார். கத்தரிக்காய் மூக்கு. புதர்ப் புருவம். பொக்கை வாய். "இது என்னடா? கொடுத்தது என்ன, காட்டுவது என்ன? கூடாரத்தில், ரத்த வாடையில், தூக்கம் வராதபோதெல்லாம் கண்ணை மூடி அந்த முகத்தைத்தான் நினைத்துக்கொண்டேன். அது ஒன்றுதான் என்னைத் தூங்க வைத்தது. பத்திரமாக வைக்கிறேன் என்று சொன்னாயா இல்லையா?"

"சொன்னேன் சாமி. வச்சுக்கத்தான் பார்த்தேன். அதுவாப் போயிடுச்சு."

மந்திரி குறுக்கே வந்தார். "முகம் நடந்தா போகும்? பக்கத்து நாட்டு ராசாவுக்குக் கொடுத்திருப்பான். இங்கே உங்களுக்கு ஒரு சுருக்கமும் விழவில்லை, இவனுக்கு மட்டும் எப்படி விழும்?"

ராசாவுக்கு அது நியாயமாகப்பட்டது. "மூன்று நாள் தருகிறேன். தினம் ஒரு தடவை திரை பிடித்து அந்த வேஷத்தில் வா. மூன்றாம் நாளும் அந்த முகம் வராவிட்டால் தலையை எடுத்துவிடுவேன்."

தலையை எடுத்தால் முகமும் சேர்ந்துதானே போகும் என்று கேட்கிறாயா? கெட்டிக்காரி. ராசாவிடம் அதை யார் சொல்வது?

முதல் நாள் கோணேரி அரிதாரத்தைச் சுவருக்குப் பூசுகிற மாதிரி பூசினான். பள்ளத்தை அடைத்தான், மேட்டை மறைத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் ராசகுமாரிதான். ராசா சந்தோஷமாக எழுந்து கிட்டே வந்தார், கோணேரி பயத்தில் லேசாகச் சிரித்தான், கோடை ஏரி மாதிரி முகம் முழுக்க வெடித்து, ஒரு கன்னம் ராசா காலடியில் விழுந்தது.

"நாளைக்கு வா" என்றார் ராசா.

இரண்டாம் நாள் கன்னத்துத் தோலை இழுத்துக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய், கொண்டைக்குள் நூல் போட்டுக் கட்டினான். முகம் மத்தளம் மாதிரி விறைப்பாக நின்றது. நல்லாத்தான் இருந்தது. உச்சத்தில் ஒரு பாட்டு எடுத்தான், நூல் அறுந்தது, முகம் தொப்பென்று பழைய இடத்துக்கு வந்தது. அரசவையே வாயைப் பொத்திக்கொண்டது. ராசா சிரிக்கவில்லை.

"நாளைக்கு வா. நாளைக்குத்தான் கடைசி."

கோணேரி வீட்டுக்கு வந்து கிணற்றடியில் உட்கார்ந்தான். கிளியம்மா தண்ணீர் சேந்தி அவன் முகத்தைக் கழுவிவிட்டாள்.

"ஏய்யா, அந்த ராசா கேக்கிற முகம் உன்கிட்ட என்னைக்கு இருந்துச்சு?"

"என்னடி இது, என் முகம்தானே!"

"நான்தான் அன்னைக்கு முன்னால உக்காந்து பார்த்தேனே. நெத்தி பூரா பரு. மூக்கு அப்பவே கத்தரிக்காய்தான், பிஞ்சு. அரிதாரம் பாதி வேர்வையில வழிஞ்சு போச்சு. ஆனா நீ கண்ணைத் திறந்தியே, அப்ப எனக்கும் மூச்சு நின்னு போச்சு. பூச்சையா பார்த்தேன்? கண்ணு திறந்ததைப் பார்த்தேன். அதுக்கு எதுக்குய்யா தோலை இழுத்துக் கட்டுறே?"

கோணேரி எழுந்து, அரைக்கிற கல்லை மட்டும் எடுத்துத் துணியில் சுற்றினான்.

மூன்றாம் நாள் உச்சி வெயில். அரண்மனை முற்றத்தில் ரெண்டு பேர் திரை பிடித்தார்கள். விளக்கில்லை, மத்தளமில்லை. திரைக்குப் பின்னால் கோணேரி கல்லில் எதையும் வைக்காமல் வெறுமனே அரைத்தான்.

சர்ரு… சர்ரு… சர்ரு…

ராசா நிமிர்ந்தார். அவருக்கே தெரியாமல் ரெண்டு காலையும் சிங்காசனத்தின் மேல் தூக்கி வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், கூத்து பார்க்கிற பிள்ளைகள் உட்காருகிற மாதிரி.

திரை விழுந்தது. அங்கே ஒரு கிழவன், கழுவின முகம், பொக்கை வாய், கண் மூடியிருக்கிறது. மந்திரி சிரித்தார். சிரித்தவர் பாதியில் நிறுத்தினார்.

கோணேரி கண்ணைத் திறந்தான்.

எப்படிச் சொல்வேன் உங்களுக்கு! முகம் அசையவில்லை. சுருக்கம் சுருக்கமாகவே இருந்தது. இமை மட்டும் மெல்ல, மெல்ல, மெல்லத் திறந்தது, முதல் தடவையாக வெளிச்சத்தைப் பார்த்தது. சாமரம் வீசினவள் கை நின்றது. வாசல் காவல்காரன் வேல்கம்பைக் கீழே வைத்தான். அத்தனை பேரும் பட்டப்பகலில் பார்த்தார்கள், சிப்பிக்குள்ளிருந்து வந்த ஒரு பெண்ணை. உலகம் பிறந்து அன்றைக்குத்தான் முதல் நாள் என்பது போலப் பார்க்கிற பெண்ணை.

அவள் ராசாவிடம் வந்தாள். கூத்தில் செம்படவனிடம் கேட்பதை ராசாவிடம் கேட்டாள். விரலால் தொட்டு, "இது என்ன?"

"கண்" என்றார் ராசா, சின்னக் குரலில்.

"இது?"

"மூக்கு."

"இது?" விரல் ராசாவின் கன்னத்தில் ஓடுகிற நீளமான பள்ளத்தில் இருந்தது.

ராசா தடவிப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. "மந்திரி, இது என்ன?"

"தலையணை அழுத்தின தடம் மகாராசா."

விரல் நெற்றிக்குப் போனது. "இது?"

"கிரீடம் அழுத்தின தடம் மகாராசா."

விரல் வெள்ளை மீசைக்கு வந்தது. "இது?"

மந்திரிக்கு வேர்த்தது. "அது… நிலா வெளிச்சம் பட்டு வெள்ளையாகத் தெரிகிறது மகாராசா."

"உச்சி வெயிலில் நிலாவா?" என்றார் ராசா.

கோணேரி இடுப்பிலிருந்து அந்த உள்ளங்கைக் கண்ணாடியை எடுத்து நீட்டினான். ராசா வாங்கிப் பார்த்தார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது எங்க அப்பா" என்றார். "இவர் எப்ப வந்தார்?"

இப்போது பேசியது ராசகுமாரி இல்லை, கோணேரி. "எனக்கும் தெரியலை சாமி. தினமும் அரிதாரத்தைத் துடைச்சா எங்க அப்பாதான் உள்ள உக்காந்திருக்கார். அவரைத் துடைக்க முடியலை."

ராசா சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கன்னத்துப் பள்ளத்தில் தண்ணீர் ஓடியது. "என் முகத்தைக் கொடுத்துவிட்டாய். நீ போகலாம்" என்றார். எந்த முகத்தைச் சொன்னார் என்று கோணேரி கேட்கவில்லை.

பொய் சொன்ன மந்திரிக்கு என்ன ஆச்சு? ராசா அடிக்கவில்லை, உதைக்கவில்லை. குளத்தில் முங்கி அத்தனை கண்ணாடியையும் மந்திரியே எடுக்க வேண்டும் என்றார். எடுத்தார். அப்புறம் தினமும் காலையில் ராசாவோடு கண்ணாடி முன்னால் நின்று, நேற்று இல்லாத எது இன்றைக்கு முகத்தில் வந்திருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி, சபை கேட்கச் சொல்ல வேண்டும். "மகாராசா, காதில் ஒரு முடி." "மகாராசா, கண்ணுக்குக் கீழே ஒரு பை." இனிக்க இனிக்கப் பேசின அந்த வாய்க்கு அதுதான் பெரிய தண்டனை. ஒவ்வொன்றையும் சொல்லும்போது கண்ணாடியில் தன் முகமும் பக்கத்தில் தெரியுமே!

கதை தன் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டு போகிறது, நீங்க கண்ணை மூடிக்கொள்ளுங்க. காலையில் திறக்கும்போது நல்லாப் பாருங்க.

கோணேரியா? அப்புறமும் அரக்கனோட அம்மாவாகத்தான் ஆடிக்கொண்டிருந்தான். ஒரு ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு செத்துப்போனான். அரிதாரம் அரைத்த அந்தக் கல்லை நல்லாக் கழுவி, அதற்கப்புறம் கிளியம்மா அதில் கஷாயத்துக்கு மிளகு அரைத்தாள்.