டிரிப்பர் விழாத குளியலறை

பழைய இரும்பு வாங்கி விற்று, வாயாலேயே முன்னுக்கு வந்தவர் நல்லரங்கம். தராசு முள் துளி சாய்ந்தாலும் கடை அதிரக் கத்துவார். ஐம்பதைத் தாண்டியதும் கடையை மகன் கையில் விட்டுவிட்டு, செல்லக்கனியிடம் தொழில் கற்க வந்தார். வீடு வாங்குகிறவர்களுக்காக வீட்டைச் சோதித்துச் சொல்வது கனியின் தொழில். குருவுக்குச் சீடரைவிடப் பதினைந்து வயது குறைவு. "அண்ணே" என்றுதான் கனி அவரைக் கூப்பிடுவார்.

அன்று சிங்காரவேலின் வீடு. விற்கப் பேசி முடித்தாகிவிட்டது. வாங்குகிறவர் சோதிக்கச் சொல்லியிருந்தார்.

மெயின் போர்டில் டிரிப்பர் இருந்தது. சோப்புக் கட்டி அளவுப் பெட்டி. கரண்ட் எங்கே கசிந்தாலும் கண்ணிமைக்கும் முன் வெட்டிவிடும் என்று நல்லரங்கம் கேள்விப்பட்டிருந்தார். அதிலிருந்த சோதனைப் பொத்தானை அமுக்கினார்.

டப். ஃபேன் தளர்ந்து நின்றது.

"இத்தனூண்டு பெட்டிக்கு எப்படிம்மா தெரியுது, ஒரு உசுரு மாட்டிக்கிச்சுன்னு?"

"உசுரெல்லாம் அதுக்குத் தெரியாதுண்ணே. போற கரண்டு எவ்வளவு, திரும்பி வர்றது எவ்வளவு. அதை மட்டும்தான் பாக்கும். துளி குறைஞ்சா வெட்டிரும்."

"ஏன் குறைஞ்சுதுன்னு கேக்காதா?"

"கேக்காது."

"பேரம்?"

"படியாது."

நல்லரங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது. முப்பது வருஷம் தராசோடு மல்லுக்கட்டியவர். இப்படி ஒரு தராசை அவர் பார்த்ததில்லை. கும்பிடுவது போல மெல்லத் தொட்டு, பெட்டியை மறுபடி ஏற்றிவிட்டார்.

சிங்காரவேலின் மனைவி வடிவு தோளில் துண்டோடு வந்தார். "கீசர் போட்டு வச்சிருக்கேன். குளிச்சுக்கலாமாண்ணே?"

"தாராளமா போங்க தாயி. டிரிப்பர் நல்லா வேலை செய்யுது."

வடிவு குளியலறை வாசலில் கிடந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே காலெடுத்து வைத்தார்.

"அக்கா, பொறுங்க!" கனி ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

நல்லரங்கத்துக்குச் சுர்ரென்று ஏறியது. "அமுக்கிப் பாத்தேன்ல? விழுந்துச்சுல்ல? அப்புறம் என் பேச்சுக்கு என்ன மரியாதை?"

"காவல்காரர் முழிச்சிருக்கார்னு பாத்தீங்கண்ணே. எந்தெந்த வாசலுக்குக் காவல்னு பாத்தீங்களா?"

அமுக்கினால் துளி கரண்டைக் கசியவிடும், பொத்தான் வைத்த சோதனை பிளக் ஒன்றை அவர் கையில் கொடுத்தார். நல்லரங்கம் விறுவிறுவென்று சமையலறைக்குப் போய், சாக்கெட்டில் செருகி அமுக்கினார். டப். ஏற்றிவிட்டுக் கூடத்தில் அமுக்கினார். டப். இங்கே கிள்ளினால் அங்கே கேட்கிறது! கோபம் மறந்து சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

குளியலறையில் கீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் சோதனை பிளக்கைச் செருகினார். அமுக்கினார்.

கூடத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது.

கட்டைவிரல் வெளுக்க மறுபடி அமுக்கினார். ஃபேன் சுற்றியது.

"அங்க விழாதுங்க" என்றார் சிங்காரவேல். "கீசர் போட்டாலே விழுந்துக்கிட்டிருந்துச்சு. பெரிய ரோதனை. டிரிப்பருக்குப் போகாம கீசருக்கு மட்டும் டைரக்டா லைன் இழுத்துட்டாரு எலெக்ட்ரீஷியன். அதோட நிம்மதி."

"யோவ், அறிவிருக்காய்யா உனக்கு?" நல்லரங்கம் பாய்ந்தார். கனி கையைக் காட்டி அடக்கினார்.

மெயினை இறக்கினார். சுற்றுவழியில் போன லைனைக் கழற்றி டிரிப்பர் வழியாகக் கொடுத்தார். கீசர் பிளக்கைத் திரும்பச் செருகி, வடிவைத் தள்ளி நிற்கச் சொல்லி, மெயினை ஏற்றி, கீசர் சுவிட்சைத் தட்டினார்.

டப்.

"பாத்தீங்களா? இதான் ரோதனை" என்றார் சிங்காரவேல்.

வடிவு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குழாயைத் தொட்டா சுருக்குங்குதுன்னேன். பிரமைன்னீங்க."

சிங்காரவேல் போய்க் கீசர் சுவிட்சை அணைத்தார்.

கனி கீசரைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். நல்லரங்கம் வாசற்படியிலேயே நின்றார். குளிக்கப் போகச் சொன்னது அவர் வாய்தான். இப்போது தணிந்த குரலில் கேட்டார்.

"போர்டைத் திறந்து பாத்தது அப்புறம். பிளக்கை எடுத்தது அப்புறம். அதுக்கு முன்னாடியே ஓடினீங்களேம்மா. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"குளிக்கப் போறவங்க ரப்பர் செருப்பை மாட்டிக்கிட்டுப் போனாங்கண்ணே."