கதவுக்கு மறுதாள் பார்க்க

“ஒம்பது வருசமாத் திட்டம் போடறனுங்க மேஸ்திரி. வண்டி மட்டும் வரமாட்டேங்குது. ஏனுங்க?”

கேட்டவர் சம்பந்தமூர்த்தி. அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் பாலங்களுக்கு வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர்.

மேஸ்திரி பாதி கட்டிய பஸ்ஸின் எலும்புகளுக்கு நடுவே நின்று தகட்டில் ரிவெட் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள்.

கரூருக்கு வெளியே, பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை அது. மேஸ்திரியின் பெயர் பூங்கோதை. குருவுக்கு வயது முப்பத்து மூன்று, சீடருக்கு அறுபது. ஞானம் ரேஷன் கார்டைப் பார்த்தா வருகிறது?

அவர் கட்ட நினைத்தது, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் ஒரு சின்ன வண்டி. கண்ணீர்த்துளியைப் படுக்கப் போட்ட மாதிரி உருவம். உள்ளே படுக்கை. பின்மூடியைத் தூக்கினால் அடுப்படி. அவரும் மனைவி கோமளவல்லியும் ஊர் ஊராகப் போக வேண்டும், நின்ற இடத்தில் சமைக்க வேண்டும், நின்ற இடத்தில் தூங்க வேண்டும். துளி வண்டி என்று பெயர்கூட வைத்துவிட்டார். பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் நம் ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது.

சனிக்கிழமைதோறும் புது வரைபடத்தோடு வந்து நிற்பார்.

மேஸ்திரி ஒரே கேள்விதான் கேட்பாள்.

“ரெண்டு பேருதானுங்களே?”

“ரெண்டு பேருதானுங்க.”

அவள் ரிவெட் அடிக்கத் திரும்பிவிடுவாள். அவர் வீட்டுக்குப் போய் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அடுத்ததை ஆரம்பிப்பார்.

முதல் வருஷம் படுக்கை நான்கடி அகலம். “சன்னல் எம்பக்கம் இருக்கோணும்,” என்றாள் கோமளவல்லி. வைத்தார். பிறகு பேட்டரிக்கு அலமாரி தேவைப்பட்டது, படுக்கையில் ஆறு அங்குலம் போயிற்று. சன்னல் இருந்த பக்கம் தண்ணீர்த் தொட்டி வந்தது, அதில் இருபது அங்குலம் போயிற்று. கோமளவல்லி கேட்பதை நிறுத்திவிட்டாள். மௌனம் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

இந்தச் சனிக்கிழமை காலையில் அவள் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“பொள்ளாச்சிக்குத் தங்கச்சி ஊட்டுக்குப் போறேன். அங்கயே இருந்துக்கறேன். ஒண்ணரை மணி பஸ்ஸு. போற வழியில உங்க வண்டிய ஒருக்காப் பாத்துட்டுப் போயர்றேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பேசியிருப்பார். பால் வாங்கப் போகிறவள் மாதிரி சொன்னாள். அவர் தாள்களை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினார்.

இப்போது அவள் பட்டறை வாசலில், கழற்றிப் போட்ட ஒரு பஸ் சீட்டில், பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“இன்னிக்கே நிக்க வெச்சுக் காட்டோணும் மேஸ்திரி. இல்லாட்டி அவ போயிருவா.”

மேஸ்திரி ரிவெட் துப்பாக்கியைக் கீழே வைத்தாள்.

“தாளக் குடுங்க.”

இரண்டு தாள். ஒன்று வண்டியின் இடப்பக்கம், இன்னொன்று வலப்பக்கம். இரண்டையும் மாற்றி மாற்றி ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இதுல இருக்கற மாதிரியே செஞ்சறட்டுங்களா?”

“அங்குலம் பிசகக் கூடாதுங்க.”

“கூட்டவும் மாட்டேன். கொறைக்கவும் மாட்டேன்.”

“அதானுங்க வேணும்.”

ஒரு பலகையைத் தரையில் போட்டாள்.

“படுங்க.”

படுத்தார். தாள்களை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, படுத்தபடியே அளவுகளைப் படித்தார். மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் மெல்லிய பிளைவுட்டை வெட்டி அவரைச் சுற்றி நிறுத்தினார்கள். ஒரு பக்கம் பேட்டரி அலமாரி, மறுபக்கம் தொட்டிக்கு மறைப்புப் பலகை, அதற்கு வெளியே சுவர். தலைக்கு மேல் கூரை வளைந்து வந்தது.

“கடைசிப் பலகைங்க. மூடட்டுங்களா?”

“மூடுங்க.”

“ஒருக்காப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

“ஒம்பது வருசம் பாத்தாச்சுங்க.”

மூடினாள்.

முதலில் அவருக்குப் பெருமையாக இருந்தது. ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை, அத்தனை சுத்தமான பொருத்தம். கையை நீட்டினால் அலமாரி இருந்தது. எல்லாம் தாளில் போட்ட இடத்திலேயே இருந்தது.

புரண்டு படுக்கப் பார்த்தார். இரண்டு தோளும் இரண்டு பக்கமும் இடித்தன. படுக்கையில் மிச்சம் இருந்தது இருபத்திரண்டு அங்குலம்.

“அருமைங்க மேஸ்திரி. கதவத் தொறங்க.”

“எந்தப் பக்கமுங்க?”

“தாள்ல போட்டிருக்குதே.”

“தாளு உங்க நெஞ்சு மேலதான் இருக்குது. பாத்துச் சொல்லுங்க.”

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். இடப்பக்கத் தாளின் மூலையில், அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தது: கதவுக்கு மறுதாள் பார்க்க.

மறுதாளை எடுத்தார். அதிலும் எழுதியிருந்தது: கதவுக்கு மறுதாள் பார்க்க.

அலமாரி வந்தபோது கதவை இந்தப் பக்கத்திலிருந்து எடுத்தார். தொட்டி வந்தபோது அந்தப் பக்கத்திலிருந்தும் எடுத்தார். இரண்டு தடவையும் குறிப்பு மட்டும் எழுதிவைத்தார். திரும்பத் திரும்பப் படித்தார், படித்தால் மாறிவிடும் என்பதுபோல.

“மேஸ்திரி.”

வெளியே ரிவெட் சத்தம்கூட இல்லை.

“கோமளா.”

செல்போன் கை நழுவிக் காலடிக்குப் போய் அணைந்தது. குனிந்து எடுக்க இடமில்லை.

அப்போதுதான் மூச்சுச் சத்தம் கேட்டது.

தன்னுடையதுதான் என்று நினைத்தார். மூச்சை அடக்கிப் பார்த்தார். சத்தம் நிற்கவில்லை.

அது தொட்டிப் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. இழுத்து, ஒரு நொடி நின்று, மெல்ல விடுகிற மூச்சு. முப்பத்தொரு வருஷமாகப் பக்கத்தில் கேட்ட மூச்சு. அவள் வாசலில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியும். தொட்டிக்கு விட்ட இருபது அங்குலத்தில் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கலாம் என்பதும் அந்த நேரத்தில்தான் தெரிந்தது.

“எத்தன வருசமா அங்க இருக்கற?” என்று கேட்டார். ஏன் அப்படிக் கேட்டோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

மூச்சு நின்றது.

பிறகு பலகையில் தட்டும் சத்தம். இரண்டு தட்டு. கொஞ்சம் நின்று, இன்னும் ஒன்று.

பயந்துதான் போனார். ஆனால் அது மறுபடி கேட்காமலே போய்விடுமோ என்ற பயம் இன்னும் பெரிதாக இருந்தது. பலகை இடுக்கில் விரலைக் கொடுத்து இழுத்தார். நகம் பிய்ந்தது. பலகை கையோடு வந்தது.

உள்ளே கை விட்டுத் துழாவினார். யாரும் இல்லை. அடிப்பலகை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் ஆள் எழுந்து போன பாய் மாதிரி.

அவர் அந்தப் பக்கம் புரண்டார். வெளிச்சுவர் கைக்குத் தட்டுப்பட்டது. முதல் வருஷத்து வரைபடத்தில் அவளுடைய சன்னல் அங்கேதான் இருந்தது. சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்து, இருட்டில், சுவரில் ஒரு கட்டம் போட்டார். அதன் நான்கு மூலையிலும் ஓங்கித் தட்டினார்.

“மேஸ்திரி, இங்க வெட்டுங்க.”

காலடிச் சத்தம் ஓடி வந்தது. ரம்பம் உறுமியது. கோட்டை ஒட்டியே ஒரு வெளிச்சக் கீற்று மேலே ஏறி, வளைந்து, இறங்கியது. வெட்டிய பலகை வெளியே விழுந்தது.

மேஸ்திரி குனிந்து எட்டிப் பார்த்தாள்.

“இங்கதான்னு எப்படிங்க தெரிஞ்சுது?”

“இங்க இருந்துதானுங்க தட்டினா.”

“யாருங்க?”

அவர் வாசல் பக்கம் பார்த்தார். கோமளவல்லி அதே பஸ் சீட்டில், அதே பையோடு, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் இருவரும் அவளுக்குப் பக்கத்தில் டீ கிளாஸோடு நின்றார்கள்.

“தாளு உங்ககிட்டத்தான் இருக்குதுன்னு சொல்லிப் போட்டு நானும் அங்கதான் போயிட்டனுங்க,” என்றாள் மேஸ்திரி. “இங்க யாருமே வரல.”

சாலையில் பஸ் ஹாரன் கேட்டது.

கோமளவல்லி பையோடு எழுந்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். வண்டியின் பக்கவாட்டில் புதிதாக விழுந்திருந்த ஓட்டையைப் பார்த்தாள். பஸ் நின்று, யாரும் ஏறாததால் புறப்பட்டுப் போனது.

அவள் நடந்து வந்தாள். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, வெட்டிய ஓட்டையின் ஓரத்தில் விரலை மடக்கித் தட்டினாள்.

இரண்டு தட்டு. கொஞ்சம் நின்று, இன்னும் ஒன்று.

சம்பந்தமூர்த்தி நகர்ந்து படுத்தார்.