பானையை ஆட்டின பூவலிங்கம்

ஒரு ஊர்ல, குளத்தங்கரை ஓரமா, மொக்கச்சாமின்னு ஒருத்தன் இருந்தான். யார் என்ன சொன்னாலும் நம்பிருவான், அப்படி ஒரு வெள்ளை மனசு. அவன் பொண்டாட்டி காத்தாயிக்கு அப்போ மாசம் மூணு. கஞ்சி குடிச்சாலும் வாந்தி, தண்ணி குடிச்சாலும் வாந்தி. "மாமா, விரால் கொழம்பு மட்டுந்தான் எனக்கு இறங்கும்"னு சொல்லிட்டா.

விரால் லேசுல மாட்டுமா? உசுரோட துள்ளுற கெண்டைக்குஞ்சைத் தூண்டில்ல கோத்தாத்தான் வரும், செத்ததைத் திரும்பிக்கூடப் பாக்காது. சந்தையில பூவலிங்கம்னு ஒருத்தன் பானையில குஞ்சு வச்சு வித்தான். தண்ணி மாத்தச் சோம்பல்பட்டு எல்லாத்தையும் சாகவிட்டுருவான். அப்புறம் ஆள் வந்ததும் பானையை ஆட்டுவான். தண்ணி சுத்தும், செத்த மீனும் கூடவே சுத்தும். "பாத்தியா தம்பி, என்னமா நீந்துது!"ம்பான். திருட்டுப்பய!

மொக்கச்சாமி ஒரு படி கம்பு குடுத்து வாங்கிட்டுப் போனான். கரையில பானையை வச்சதும் எல்லாம் மல்லாந்து மிதந்துச்சு. மறுநாளும் வாங்கினான், மறுநாளும் மல்லாந்துச்சு. மூணாம் நாளும் அதே கதைதான். வீட்டுல காத்தாயி எலும்பும் தோலுமா சுருண்டு கெடந்தா. அவளைப் பாத்துப் பாத்து அழுதான், பாவம்.

நாலாம் நாள் போயி பூவலிங்கம் கையைப் புடிச்சுக்கிட்டான். "அண்ணே, உங்ககிட்ட நீந்துது, எங்கிட்ட வந்தா செத்துப் போகுது. உங்களைப் பிரிஞ்ச ஏக்கந்தான், வேற என்ன? நீங்களே தூக்கிட்டு வாங்கண்ணே!"

சந்தையே கூடி நின்னு பாக்குது, பூவலிங்கம் மாட்டேன்னு எப்படிச் சொல்லுவான்? பானையை ஆட்டிக்கிட்டே வரப்புல நடந்தான், ஆட்டிக்கிட்டே கரை ஏறினான், ஆட்டிக்கிட்டே இடுப்பளவு தண்ணியில இறங்கினான். நிறுத்தினா குட்டு உடைஞ்சிருமே! ஏய், சிரிக்காம கேளுங்க.

"நீங்களே கோத்து விடுங்கண்ணே"ன்னான் மொக்கச்சாமி. கோத்தான். செத்தது நீந்துற மாதிரி தெரியணும்னு கயித்தை ஆட்டினான், கூடவே அவன் காலும் ஆடுச்சு. அடியில கெடந்த விரால் பாத்துச்சு. இந்தப் பக்கம் செத்த குஞ்சு, அந்தப் பக்கம் உசுரோட ஆடுற கால். எதைக் கவ்வும், சொல்லுங்க?

"ஐயோ, செத்த மீனை வித்தேன், என்னை விட்டுரு குளத்துத் தாயே!"ன்னு அலறிக்கிட்டுக் கரைக்கு ஓடியாந்தான், கால்ல தொங்குது மொழம் நீளத்துக்கு விரால்!

"அது கெடக்கட்டும்ண்ணே, காலை ஆட்டாதீங்க, மீனு தப்பிச்சிரும்!"னு பாஞ்சு புடிச்சான் மொக்கச்சாமி.

அன்னைக்குக் காத்தாயி மூணு வாய் சாப்பிட்டா, மூணும் வயித்துல தங்குச்சு. அதுல இருந்து பூவலிங்கம் தண்ணி மாத்தத் தவறுறதே இல்ல. ஆள் வந்தா பானையைக் கீழ வச்சுட்டு, கையைப் பின்னால கட்டிக்கிட்டு, நொண்டி நொண்டி நாலடி தள்ளிப் போயி நிப்பானாம்.

கதை குளத்துல, கொழம்பு சட்டியில, நீங்க பாயில. கண்ணை மூடுங்க தங்கங்களா.