வடிவு டீச்சரின் தலையசைப்பு

கரும்பலகையில் ஒரு நீளக் கோடு இழுத்து, "இதுதான் தாமிரபரணி" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தாள் ஜெபராணி. ஒரு கணம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் முகங்கள் தெரிந்தன. அடுத்த கணம் ரிப்பன் கட்டிய சடைகள் மட்டும்தான் தெரிந்தன.

அத்தனை பேரும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வடிவு டீச்சர் உட்கார்ந்திருந்தார். டீச்சர் மெல்லத் தலையசைத்தார். உடனே பிள்ளைகள் முன்னால் திரும்பி ஆற்றை நோட்டில் வரையத் தொடங்கினார்கள்.

வந்த நாளிலிருந்து இப்படித்தான். ஜெபராணி என்ன சொன்னாலும் அது டீச்சரின் தலையை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் பிள்ளைகளின் நோட்டுக்குப் போகும்.

பி.எட். படிக்கிறவர்கள் சில மாதம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்த வேண்டும். அந்த வகுப்பின் ஆசிரியர் பின்னால் உட்கார்ந்து கவனிப்பார். மற்றவர்களெல்லாம் கல்லூரி முடித்த கையோடு வந்த சின்னப் பெண்கள். ஜெபராணி அப்படி இல்லை. பல வருஷம் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டியவள். மகன் ஏழாவது படிக்கும்போதுதான் அவளுக்கு பி.எட். கல்லூரியில் இடம் கிடைத்தது. டீச்சரைவிட அவள் மூத்தவள். அதனால் டீச்சர் அவளை "அக்கா" என்பார். அவள் டீச்சரை "டீச்சர்" என்பாள். அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு ஏக்கமாக இருக்கும். தன்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளுக்கு அவள் "பி.எட். மிஸ்."

"மிஸ், டீச்சர் உங்களுக்கு மார்க் போடுவாவளா?" என்று ஒருநாள் கேட்டாள் முப்பிடாதி. வகுப்பிலேயே வாய் நீளமானவள்.

"ஆமா."

"ஃபெயிலும் ஆக்குவாவளா?"

"ஆக்கலாம்."

"அப்ப நீங்களும் எங்க செட்டுதான்" என்று சொல்லி, கையிலிருந்த நெல்லிக்காயில் ஒன்றை நீட்டினாள். ஜெபராணி வாங்கிக்கொண்டாள். புளித்தது.

மதியச் சாப்பாட்டின்போது டீச்சரிடம் கேட்டேவிட்டாள்.

"டீச்சர், இந்தப் பிள்ளையெல்லாம் எப்பதான் என்னப் பாக்கும்?"

"என்னக்கா அவசரம்?"

"வெள்ளிக்கிழமையோட நான் போயிருவேம்லா. அதுக்குள்ள ஒரு நாளாவது பாக்கணும் டீச்சர். ஒரு நாள் போதும்."

டீச்சர் டப்பாவிலிருந்த அவியலில் பாதியை அவள் தட்டில் வைத்தார்.

மறுநாள் டீச்சர் கடைசி பெஞ்சில் உட்காரவில்லை. ஜன்னலோரம் நாலு பிள்ளைகளுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஜெபராணி அணைக்கட்டுகளைப் பற்றிச் சொன்னாள். சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலைகளெல்லாம் ஜன்னல் பக்கம் சாய்ந்தன.

அதற்கடுத்த நாள் மணி அடிக்கும் முன் டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு நான் உள்ள வரல. வராந்தாவுல நின்னு கேக்கேன். பிள்ளையகிட்ட சொல்லாண்டாம்."

ஜெபராணிக்கு மனம் குளிர்ந்தது. டீச்சர் நிற்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. இன்றைக்கு அவர்களுக்குப் பார்க்க வேறு ஆளே கிடையாது.

ஆனால் பாடம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு தலை வாசல் பக்கம் திரும்பியது. பிறகு இன்னொன்று. பாதிப் பாடத்தில் வகுப்பே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மிஸ், வெளிய யாரு நிக்கா?" என்றாள் முப்பிடாதி.

"யாருமில்ல. படத்தப் பாரு."

மணி அடித்ததும் ஜெபராணி வராந்தாவுக்கு வந்தாள். அங்கே யாரும் இல்லை. டீச்சர் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"எப்ப டீச்சர் இங்க வந்திய?"

"பாடம் ஆரம்பிச்சதுமே வந்துட்டேன்."

"அப்ப வராந்தாவுல நிக்கவே இல்லியா?"

"இல்லக்கா."

"பிள்ளைய பூரா வாசலத்தானே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல டீச்சர், சத்தியமா."

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடினார்.

"கடையில இருக்கும்போது ஒருத்தர் விலையக் கொறச்சுக் கேட்டா என்ன செய்விய?"

"கல்லாவுல மொதலாளி இருப்பாரு. அவரத் திரும்பிப் பாப்பேன். அவரு தலையாட்டுனா கொறைப்போம்."

"சேலை எடுக்க வந்தவுக?"

"அவுகளும் அவரத்தான் பாப்பாக. எத்தன சேலைய விரிச்சாலும் நம்மகிட்ட அதுக்குப் பொறவு ஒரு வார்த்த..."

ஜெபராணி நிறுத்திவிட்டாள்.

டீச்சர் பேனாவைத் திறந்து அடுத்த விடைத்தாளை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை டீச்சர் பழையபடி கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஜெபராணி அன்றைக்கு அந்தப் பக்கம் பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அது அத்தனை கஷ்டம் என்று அவள் நினைத்திருக்கவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் கண் தானாகக் கிளம்பியது. யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருந்தது. அவள் கண்ணைப் போகவிடாமல் நின்றாள்.

பாதிப் பாடத்தில் முப்பிடாதி எழுந்தாள்.

"மிஸ், பொதிகை மலைக்கு மேக்க கடல் கிட்டத்துல இருக்குல்லா?"

"ஆமா."

"அப்ப ஆறு எதுக்கு அத விட்டுட்டுக் கெழக்க இம்புட்டுத் தூரம் வருது?"

யாரோ சிரித்தார்கள். ஜெபராணி, "நிலம் கிழக்கே சரிஞ்சிருக்கு" என்றாள். சரியான பதில்தான். ஆனால் முப்பிடாதியின் நெற்றி சுருங்கியபடியே இருந்தது. இப்போதுதான் கண் பின்னால் ஓடத் துடித்தது. சரிதானா, போதுமா, அங்கே ஒரு தலை அசைகிறதா.

ஜெபராணி முப்பிடாதியின் நெற்றியையே பார்த்தாள்.

பிறகு புவியியல் புத்தகத்தைப் பாதியில் விரித்து, கூரை போல மேசைமேல் கவிழ்த்தாள். "இதுதான் பொதிகை. எல்லாரும் கிட்ட வாங்க."

பெஞ்சுகள் காலியாயின. அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, விரலை நனைத்து, புத்தகத்தின் முதுகுக்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டு விட்டாள். அது அட்டைமேல் உருண்டு, அவள் நின்ற பக்கமாக இறங்கி மேசையில் வழிந்தது.

"முதுகத் தாண்டி அந்தப் பக்கம் போக முடியுமா அதுக்கு?"

முப்பிடாதி குனிந்து பார்த்தாள். நெற்றிச் சுருக்கம் மெதுவாக அவிழ்ந்தது.

"அப்ப அந்தப் பக்கம் விழுற மழை கேரளாவுக்கா மிஸ்?"

"ஆமா."

"நம்ம சொட்டு நமக்கு" என்றாள் முப்பிடாதி. பிறகு அவளே இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தாள். ஆளுக்கொரு சொட்டு விட, புத்தகம் நனைந்து ஊறிப்போனது. மணி அடித்தது. பிள்ளைகள் "தேங்க் யூ மிஸ்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு ஓடினார்கள். "டீச்சர்" என்று ஒருத்தியும் சொல்லவில்லை. அவள் போவது நினைவில்லாதது போல ஓடினார்கள்.

ஜெபராணி நனைந்த புத்தகத்தைத் துடைத்தாள். வகுப்பில் அவளும் டீச்சரும் மட்டும்தான்.

"இன்னைக்கு ஒருத்தரும் திரும்பல. பாத்தியளா டீச்சர்?"

கேட்டு முடிப்பதற்குள்ளேயே தான் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெட்கத்தில் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"இது என்னய விட்டுப் போகாது போல டீச்சர். நாளைக்கு வேற ஊரு, வேற பள்ளிக்கூடம். அங்க நீங்க இருக்க மாட்டிய. அப்பவும் பாடம் நடத்தி முடிச்சா என் கண்ணு கடைசி பெஞ்சுக்குத்தான் போவும்."

டீச்சர் எழுந்து, பெஞ்சை இழுத்து நேராகப் போட்டார்.

"போகட்டும்க்கா. அங்க ஒரு பிள்ள உக்காந்திருக்கும்."