ஹான்ஸின் கடைசிக் கடைவாய்ப் பல்

அந்தக் காலத்தில், வாத்தும் மனுஷனும் ஒரே மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, ஜெர்மனியில் ஒரு மலையடிவாரத்து ஊரில் ஆண்பிள்ளை பிறந்தால் ஹான்ஸ் என்றுதான் பேர் வைப்பார்கள். வேறு பேரே கிடைக்கவில்லையா என்கிறீர்களா? அப்படிக் கேட்டவன் பேரும் ஹான்ஸ்தான்!

அங்கே பிழைக்க வந்தான் இன்னொரு ஹான்ஸ். நியூரம்பெர்க் நகரத்துக்காரன். சொந்த ஊர்த் திருவிழாவில் பீர்த் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்து, பாதிப் பல்லும் முழு மானமும் போய் ஓடி வந்தவன். செத்தாலும் அந்த ஊர்ப் பேரை வாயால் சொல்வதில்லை என்று சபதம் வேறு.

வெள்ளிதோறும் நாவிதர் சந்தையில் பல் பிடுங்குவார். நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். ஆளைக் கூட்டி வருவது ஊர் வாத்தின் பொறுப்பு. "ஹான்ஸைக் கூப்பிடு" என்றால் போதும், கண்ணில் பட்ட முதல் ஹான்ஸின் சட்டையைக் கவ்வி இழுத்து வந்துவிடும். இப்படியே நம்மாள் இரண்டு வெள்ளியில் இரண்டு நல்ல பற்களைப் பறிகொடுத்தான். ரொட்டி மெல்ல மிச்சமிருந்தது ஒரே கடைவாய்ப் பல்.

மூன்றாம் வெள்ளியும் வாத்து அவனையே இழுத்து வந்தது.

"ஐயோ, சொத்தைப் பல் எனக்கில்லைங்க! அது வேற ஹான்ஸ்!"

"வர்றவன் எல்லாம் இதையேதான் சொல்றான். வாயைத் திற" என்றார் நாவிதர்.

வாத்துக்கே இரக்கம் வந்துவிட்டது. கழுத்தை நீட்டி, "சரி, நீ எந்த ஊரு ஹான்ஸ்?" என்று கேட்டது.

சபதமா, பல்லா? குறடு உதட்டைத் தொட்டது.

"நியூரம்பெர்க்! நியூரம்பெர்க்!"

சொத்தைப் பல்காரன் உள்ளூர்க்காரன் ஆயிற்றே! நாவிதர் கையிலிருந்த குறட்டைக் கீழே இறக்கினார். "இவன் நியூரம்பெர்க் ஊர்க்காரன், நியூரம்பெர்க்கர்! ஓடைக்கரை ஹான்ஸைப் பிடிங்க!" என்று கத்திக்கொண்டே வாத்து தெருத் தெருவாக ஓடியது. ஓடைக்கரையில் குடியிருந்த சொத்தைப் பல்காரன் அங்கேயே ஒரு புதரில்தான் ஒளிந்திருந்தான்.

முட்டைக்கோஸ் விற்ற பொம்பளை திரும்பினாள். "நியூரம்பெர்க்கா? அங்கே ஒருத்தன் பீர்த் தொட்டியிலே விழுந்தானாமே, உனக்குத் தெரியுமா தம்பி?"

அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டினான். பல் தப்பியது. ஊர்தான் ஒட்டிக்கொண்டது. அவன் பிள்ளைகளும் நியூரம்பெர்க்கர், அந்த நகரத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத பேரன்களும் நியூரம்பெர்க்கர்.

அந்த வெள்ளிக்கிழமை தொட்டுத்தான் ஜெர்மானியர் பலர் ஓடையையும் மலையையும், விட்டு ஓடி வந்த ஊரையும் பேருக்குப் பின்னால் குடும்பப் பேராகச் சுமந்து திரிகிறார்கள். வாத்தும் புது ஆளைக் கண்டால் கழுத்தை நீட்டிக்கொண்டு, எந்த ஊரென்று கேட்டுக் கத்துகிறது.