பூரணத்தோட பேனா ஒழுகின கதை

ஒரு ஊர்ல ஒரு பூரணம் இருந்தா. கடக்கரை ஊரு. அவ புருசன் தோணிக்காரரு. தோணின்னா சின்னப் படகு இல்ல கண்ணு, பாய் கட்டின பெரிய மரக்கப்பல். வெங்காயமும் கூரை ஓடும் ஏத்திக்கிட்டு கொழும்புக்குப் போயிட்டுப் போயிட்டு வருவாரு. "ம்" சொல்லு. ஆங்.

அவருகிட்ட கொழும்புல வாங்கின பச்சைப் பேனா ஒண்ணு இருந்துச்சு. கழட்டி மை ஊத்துற பேனா இல்ல. பின்னாடி ஒரு திருகு. முள்ளை மைக்கூட்டுல முக்கி அதைத் திருகினா, உள்ள இருக்கிற தக்கை கிர்ர்ர்னு மேல போகும், மை தானா ஏறிக்கும்.

ஒரு நாள் காலைல மை ரொப்பிட்டு, சொந்த ஊர்ல இருக்கிற அவரு அம்மாவுக்குக் கடுதாசி எழுத உக்காந்தாரு. அப்போ தோணியில கூப்பிட்டாங்க. "வந்து எழுதுறேன்"னு பேனாவை மூடி வச்சிட்டு ஓடினாரு. அப்புறம் புயல் வந்துச்சு. உய்ய்ய்னு மூணு நாள் காத்து. போன தோணி வரவே இல்ல.

ஊரே அழுது ஓஞ்சுது. பூரணம் மட்டும் அழல. "அவுக ரொப்பின மை அப்படியே இருக்குல்ல? எழுத வராமலா போவாக? அத்தைக்கு யாரும் ஒரு வரி எழுதப்படாது"ன்னுட்டா. பைத்தியக்காரிதான். ஆனா அந்தப் பைத்தியத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவ சோறு தின்னா, தூங்கினா. வேற எதைப் பிடிக்க, சொல்லு?

பேனாவை டம்ளர்ல முள்ளு மேல பாக்க நிக்க வச்சா. எட்டு மாசம் தொடவே இல்ல. அப்புறம் ஒரு நாள் பாக்குறா, டம்ளர் அடியில நீலமாத் தண்ணி. சொட்டு... சொட்டு... திருகு பக்கமா ஒழுகுது! மை தீந்தா அவரும் தீந்தாரு, அவ கணக்குல.

மெழுகுவத்தியை உருக்கித் திருகைச் சுத்தி ஊத்தினா. ரெண்டு நாள் நின்னுச்சு. மூணாம் நாள் மெழுகு பொளக்னு உரிஞ்சு விழுந்துச்சு. மறுபடி சொட்டு... சொட்டு...

அப்புறம், உள்ள என்னதான் ஆச்சுன்னு பாக்க, முள்ளு மூடியைக் கழட்டிட்டு, அந்தத் திருகையும் ஒரு மூடின்னு நினைச்சுத் திருகினா. பேனாவை வேற கவுத்துப் பிடிச்சிருக்கா! தக்கை சரசரன்னு கீழ இறங்கி, குபுக்! மையெல்லாம் மடியில. "ஐயோ ஐயோ"ன்னு திருப்பித் திருகினா. காத்துதான் ஏறிச்சு. அவ கையாலயே கொட்டிட்டா கண்ணு. அந்தச் சேலையை அவ துவைக்கவே இல்ல. என்ன, "ம்" காணோம்?

மூணாவதா, முள்ளுல ஒட்டின ஈரத்தையாவது காப்பாத்தணும்னு, பேனா ரிப்பேர் பண்ற சூசைகிட்ட ஓடினா. அவரு வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு.

"தக்கை சுருங்கிடுச்சுக்கா. மாத்திடலாம்."

"எதனால சுருங்குச்சு?"

"எழுதாம வச்சதாலதான். எழுதி எழுதி மை ரொப்பினா தக்கை ஊறி உப்பலா இருக்கும். நீங்க பத்திரமா வச்சீங்க பாருங்க, அதுதான்."

பூரணம் அப்படியே தரையில உக்காந்துட்டா. அவ காத்த காவல்தான் அதைக் கெடுத்துச்சாம்.

"உள்ளதைக் கழுவிக் கொட்டாம மாத்த முடியாதுக்கா. முள்ளுல இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கு. எதாச்சும் எழுதிக்குங்க"ன்னு ஒரு காகிதத்தை நீட்டினாரு.

என்ன எழுதுவா? அவரு பேருதான் மனசுல வந்துச்சு. அந்தக் காலத்துல பொண்டாட்டி புருசன் பேரைச் சொல்ல மாட்டா கண்ணு. சொன்னா அவரு ஆயுசு குறையும்பாங்க. காணாமப் போனவரு பேரைத் துறைமுகத்து ஆபீஸ்ல கேட்டப்பகூட பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னா. எழுதினா, அவரு இல்லன்னு அவளே ஒத்துக்கிட்ட மாதிரி. ஆனாலும் எழுதினா. மா... சி... லா... கீச்! முள்ளு காஞ்சுபோச்சு.

சூசை எட்டிப் பாத்தாரு. "மாசிலா... மிச்சம் என்னக்கா?"

பூரணம் வாயைத் திறந்தா.

"மணி. மாசிலாமணி"ன்னா. சொன்னதுதான் தாமதம், எட்டு மாசமா வராத அழுகை ஓன்னு வந்துச்சு. கடைவாசல்ல போறவங்க எல்லாம் நின்னு பாத்தாங்க.

சூசை புதுத் தக்கையை மெழுகுல ஊறவச்சுப் போட்டு, கடையில இருந்த மையை ரொப்பிக் குடுத்தாரு. ஒரு சொட்டு ஒழுகல. ஒழுகாதது அவளுக்கு ஒரு சந்தோசமும் தரல.

அவ புருசன் வந்தாரான்னா கேக்குற? வரல கண்ணு. பொய் சொல்லித் தூங்க வைக்க எனக்கு வராது. அன்னைக்குச் சாயங்காலம் பூரணம், அவரு எழுதாம விட்ட கடுதாசியை எழுத உக்காந்தா. "அத்தை, உங்க மகன் மாசிலாமணி இனி வரமாட்டாக." அவ்வளவுதான் எழுதினா. பேனா நல்லா எழுதிச்சு.

மை காஞ்சாச்சு, கடுதாசியை ஒட்டியாச்சு. கண்ணை மூடு, கதையும் மூடியாச்சு.