மண்டபச் சுவரில் ஒளிந்திருந்த மணல்

ஆறு கரை நிறைய ஓடிய காலத்தில், மருதஞ்சீமையைக் கோதண்டபூபதி என்றொரு ராஜா ஆண்டார். காலையில் பல்லக்கு கொடுப்பார், மாலையில் பிடுங்கிக்கொள்வார். அப்படியொரு குணம்.

அவருடைய அப்பா கட்டிய வெற்றி மண்டபம் ஊர் நடுவே நின்றது. குனிந்து நுழைகிற ஒரே வாசல். கூரையோ ஒரே கல். அதன் நாற்பதாம் ஆண்டு விழாவில் பிரதானி சோமநாதர், "நின்று கட்டியவன் அடியேன். வாசலில் என் பெயரை வெட்ட வேண்டும்" என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

வெட்ட அழைத்ததோ கல்தச்சர் வேம்பையனை! கட்டிய முப்பது பேரில் மிஞ்சியவர் அவர்தான். நாற்பது ஆண்டுக்கு முன் திறப்பு விழாவில் ஒரு வெற்றிலைகூடத் தராமல் அந்த முப்பது பேரையும் வெளியே நிறுத்தியவர் இதே பிரதானி. வேம்பையன் அதை ஒருநாளும் மறக்கவில்லை.

உளியைக் கீழே வைத்தார். "பொய்யை வெட்டினால் உளி மழுங்கும், மகாராஜா."

"நிரூபி! இல்லையென்றால் சீமையை விட்டுப் போ!"

வேம்பையன் திரும்பினார். "பிரதானியாரே, கூரைக்கல் எப்படி மேலே ஏறியது?"

"உள்ளே நூறு யானைகளை நிறுத்தித் தூக்கினேன்!"

"யானைகள் இந்த வாசலில் குனிந்தா வந்தன, ஐயா?"

சபை சிரித்தது. வேம்பையன் சுவரடியில் ஒரு சிறு கல்லை நெம்பினார். பொலபொலவென்று வெள்ளை மணல் கொட்டியது.

"சுவர் உயர உயர உள்ளே ஆற்று மணலை நிரப்பினோம். வெளியே மணலைச் சரிவாகக் கொட்டி, அதன் வழியே கல்லை மேலே இழுத்து வைத்தோம். பிறகு மணலை வாரி வாசலில் குவித்தோம். பெயரைத் தட்டிக்கொள்ள இப்படி ஒருவர் வருவார் என்று தெரியும். அதனால் இந்தப் பொந்தில் நாலு கூடை விட்டுவைத்தேன்."

ராஜா ஒரு பிடி அள்ளினார். அதில் கிளிஞ்சல் மின்னியது. அவர் குரல் இறங்கியது. "வாசலில் ஒரு மணல்மலை... நான் சறுக்கி விளையாடினேனே! யாரோ முதுகில் ஒன்று வைத்தார்கள்."

"அடியேன்தான். இளவரசர் என்று தெரியாது."

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். வாசலில் முப்பது பெயர்கள் ஏறின. மணலைக் கூடையில் சுமந்து ஆற்றில் சேர்க்கும் வேலை பிரதானிக்கு.

மூன்று கூடை போனதும் ராஜா கையமர்த்தினார்.

"வேம்பையா, மிச்சத்தை உள்ளேயே வைத்து மூடு. நாளைக்கும் ஒரு பிரதானி வருவான்."